குல்லாவுக்குள் பஞ்சு

ஓசூர், 10.11.86

இன்று கம்பெனியில் எல்லோருக்கும் காதுப் பரிசோதனை. பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற சத்தம் காதைத் தின்றுவிடும் என்றார் டாக்டர். எனக்கும் பக்கத்து மெஷின் சென்றாயனுக்கும் காது கேட்கிற அளவு ஒன்றுதானாம், இதுவரை பழுதில்லை. பிறகு நர்ஸ் தீர்த்தம்மாள் மெழுகு தடவிய பஞ்சு கொடுத்தார். சென்றாயன்தான் முதலில் காதில் வைத்தான். என் வாய் சும்மா இருக்குமா? "யாருய்யா செத்தது? பொணத்துக்கில்ல பஞ்சு வெப்பாங்க!" ஷாப்பே சிரித்தது. அவன் பிடுங்கிப் போட்டான். மற்றவர்களும் போட்டுவிட்டார்கள்.

16.11.86

மாதா கோயில் ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திய பிறகும் என் காதுக்குள் இரைச்சல். பயமாக இருக்கிறது.

17.11.86

குளிருக்கென்று மங்கி குல்லா போட்டுப் போனேன். உள்ளே பஞ்சு. யாருக்கும் தெரியாது.

24.12.86

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் குடித்த பாவத்தைச் சொன்னேன். பஞ்சைச் சொல்லவில்லை. அது பாவமா என்ன? பாவமில்லையென்றால் ஏன் தொண்டையில் நின்றது?

2.5.87

வெயிலில் குல்லா ஆகாது. காதை மூடித் துண்டு கட்டுகிறேன். துவைக்கும்போது புஷ்பமேரி பஞ்சைப் பார்த்துவிட்டாள். "காதுல சீழ் வடியுதாங்க?" ஆமாம் என்றேன். பெண்டாட்டியிடமும் பொய்.

18.1.88

மறுபடி பரிசோதனை. சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். மெல்லிய சத்தத்துக்குச் சென்றாயனின் விரல் எழவேயில்லை. "போனது வராதுங்க" என்றார் டாக்டர். என்னைப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் அப்படியே இருக்குதே, எப்படிங்க?"

"எங்க வம்சமே அப்படிங்க."

சென்றாயன் என் தோளைத் தட்டினான். "குடுத்து வெச்சவன்யா நீ, மதலமுத்து."

சீ. நானெல்லாம் ஒரு மனுசனா? அவன் காதிலிருந்து பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டேனே — வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

19.1.88

மெஷின் போடுமுன் எல்லோர் முன்னாலும் குல்லாவைக் கழற்றினேன். ஒரு காதில் பஞ்சை வைத்தேன். சென்றாயன் பார்த்துச் சிரித்தான்.

"யாருய்யா செத்தது?"

"நாந்தான்யா. ஒரு வருஷமா காதுல பஞ்ச ஒளிச்சு வெச்சுக்கிட்டிருக்கேன். உங்கிட்டச் சொல்லல."

"என்னா?" காதருகே கையைக் குவித்தான்.

ஒரு மெஷினும் ஓடவில்லை. ஷாப் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை கத்திச் சொன்னேன்.