கொடியில் உட்கார வந்த கிளி

என் வயிற்றெரிச்சலுக்கு முழுச் சொந்தக்காரனான ஜமால் மாமாவுக்கு,

கபர்ஸ்தானில் நீ நிம்மதியாகப் படுத்திருப்பாய். இங்கே அவனியாபுரம் பட்டறையில் என்னை ஒரு கோடு நிம்மதியாக இழுக்க விடுகிறாயா?

அந்த உசிலம்பட்டி லாரி ஞாபகம் இருக்கிறதா மாமா? நெற்றிப் பலகை நடுவில் நான் வரைந்த மீனாட்சி, சுற்றிலும் நீ ஓட்டிய பூங்கொடி. ஓனர் தவசி போன வாரம் கொண்டுவந்து நிறுத்தினார். நல்ல மனுஷன்தான், டீயில் சீனி குறைந்தால் மட்டும் கடைக்காரரின் பரம்பரையையே இழுப்பார். அது கிடக்கட்டும்.

"அம்மன் முகம் மங்கிப்போச்சுண்ணே, புதுசா எழுதிருங்க. கொடியில மட்டும் கை வச்சிராதீங்க" என்றார்.

"ஏன், கொடி மங்கலையாக்கும்?"

"மங்குனா என்னண்ணே, அம்புட்டு அழகு! டீக்கடையில வண்டிய நிப்பாட்டுனா ஆளுக அதத்தான் போட்டோ எடுக்குறாக."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சாமியை அழிக்கலாம், ஓரத்தைத் தொடக் கூடாதா? என் அம்மனைப் பார்த்தும் கும்பிடத்தான் செய்கிறார்கள். ஆனால் அது அவளுக்குப் போகிற கும்பிடு. உன் கொடியைப் பார்த்து வாய் பிளப்பது உனக்கே உனக்கு.

"ஒரு மயிலாவது போடேன் மாமா" என்று எத்தனை தடவை சீண்டியிருப்பேன்! "உசுரு குடுக்குறது படைச்சவன் வேலை மாப்ள. நீ சாமிய நடுவுல உக்கார வையி, நான் சுத்தி வாரேன்" என்பாய். முகம் வேண்டாமென்றது உன் மார்க்கம். முகத்துக்கு வைத்திருந்த அழகையெல்லாம் இலையில் கொட்டிவிட்டாயோ?

மூலையில் ஒரு பலகை உளுத்திருந்தது. அதை மாற்றியதும் அங்கே கொடியை நானே இழுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கு உன்னை மிஞ்சிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரே குஷி. முதல் சுருள் வந்தது. அடுத்த இலையின் நுனி வளைந்து அலகாகிவிட்டது. கைப்பழக்கம். இறக்கை, வால் என்று அம்மன் கையிலிருந்து பறந்துவந்த மாதிரி ஒரு கிளி!

தவசி துள்ளினார். "பாய் கொடியவே தூக்கிச் சாப்பிட்டுருச்சேண்ணே! கண்ணு வைங்க, கண்ணு வைங்க!"

இந்த வார்த்தைக்குத்தானே மாமா இவ்வளவு காலம் காத்துக் கிடந்தேன்? கறுப்பைத் தொட்டு, தூரிகையைத் தூக்கியும்விட்டேன். பிறகு துணியைத் தின்னரில் நனைத்து, கிளியைத் துடைத்தெடுத்தேன். தவசி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அங்கே என் இலைகள்தான் இருக்கின்றன. உன் இலை காற்றில் ஆடுகிறது. என்னுடையது கீரைக்கட்டு மாதிரி கிடக்கிறது.

நான் இருக்கிறவரை உன் கொடியில் எந்த உயிரும் உட்காராது, இது சத்தியம். பொறாமைப்பட மாட்டேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே.

உன் மாப்ள,
சாமி முகம் எழுதுகிற முத்தையா