அறுக்காத மொட்டு

அன்பு அப்பாவுக்கு, மொஹிராவின் சலாம். இருமல் குறைந்ததா?

அல்மாத்தியில் நான் நலம். அம்மா நட்ட ஆப்ரிகாட் மரத்திலிருந்து நீங்கள் அனுப்பிய கிளைகள் எவ்வளவு உறைபனியைத் தாங்கும் என்று ஆய்வகக் குளிர்பெட்டியில் வைத்துப் பார்த்தோம். "உங்க வீட்டு மரமும் உன்ன மாதிரியே அவசரக்குடுக்கைடி! பனி போறதுக்குள்ள மொட்டு விட்டுடுது" என்று தோழி ஐகெரிம் கேலி செய்தாள். நானும் சிரித்தேன். பிறகு மொட்டுகளைப் பிளேடால் அறுத்துப் பார்த்தோம். உள்ளே எல்லாம் கறுத்திருந்தன.

இப்போது வரும் கடும்பனியிலிருந்து மொட்டுகளைக் காக்கப் புகை போட்டுப் பயனில்லை அப்பா. இந்த வசந்தத்தில் மரத்தடியில் தீ மூட்டிக்கொண்டு விடிய விடிய நிற்காதீர்கள். அம்மா இருந்திருந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்த மரத்துக் காய்ந்த பழம் மிச்சமிருந்தால் ஒரு பிடி அனுப்புங்கள்.

ஐகெரிம் சாப்பிடக் கூப்பிடுகிறாள். ஒரு மொட்டை மட்டும் அறுக்காமல் கிளையோடு ஜன்னலோரம் தண்ணீரில் வைத்திருக்கிறேன். இன்னும் விரியவில்லை.

உங்கள் மொஹிரா