திறக்காத கூடு

அன்பு சோல்வெய்,

உன் அப்பாவை அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது. உனக்கு இப்போதுதான் எழுதுகிறேன்.

மறுநாளே ஸ்டாவாங்கர் ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். வடகடல் பாறையிலிருந்து எடுத்த நுண்பாசிகளின் புதைபடிவக் கூடுகளை நுண்ணோக்கியில் பார்த்து, முட்களையும் உயிர் வெளியேறிய துளையின் வடிவத்தையும் வைத்து இனம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டில் துளையே இல்லை. கூட வேலை பார்க்கும் குன்வோரிடம் காட்டினேன்.

"இது திறக்கவே இல்லையே. இனம் தெரியலைன்னு எழுதிட்டு நீ வீட்டுக்குப் போ" என்றாள். பிறகு, "பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

கடைசி ஞாயிறன்று அப்பா, "கோபமெல்லாம் போதும், அவளை வரச் சொல்லு" என்றார். காலையில் உன்னை அழைக்கலாம் என்று தட்டுகளைக் கழுவப் போனேன். காலையில் அவர் இல்லை.

என்னைத் திட்டுவதற்காவது வா.

அம்மா