சஜியின் கவிதைகளுக்கு நான் எழுதிய மதிப்புரை

குன்னத்துகால்
கார்த்திகை மாதம்

அன்புள்ள மகள் பிரசீதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், கடவுள் அந்த அளவுக்கு வைத்திருக்கிறார். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பு கெடாமல் இருக்கவேண்டும், எங்களுக்கு அது போதும். இந்தப் பொதியில் இருப்பது உன் தம்பியின் புத்தகம். போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

சஜி காய்ச்சலில் போய் வருஷம் திரும்பிவிட்டது. அவன் போனிலும் பேஸ்புக்கிலும் எழுதிப்போட்ட கவிதைகளையெல்லாம் அவனுடைய சிநேகிதன், பாறசாலை விஜயதாஸ், தேடியெடுத்து ‘ஆறு உப்பாகும் இடம்’ என்று தொகுப்பாகக் கொண்டுவந்திருக்கிறான். நாகர்கோவில் பத்திரிகைக்கு இத்தனை காலமாகக் கவிதைப் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுகிறவன் நான்தானே, இதற்கும் நானே எழுதவேண்டும் என்று வந்து நின்றான். என்னால் ஆகாது என்றேன். “மாமா, எனக்க புக்கு வந்தா அப்பாதான் எழுதணும், எரக்கம் காட்டினா நான் வாசிக்கவே மாட்டேன்னு சஜி எங்கிட்ட சொல்லியிருக்கான்” என்றான். சொல்லக்கூடியவன்தான். புதுத் தொகுப்பு எது வந்தாலும் நான் குறை சொல்வதும், அவன் அந்தக் கவிஞரைத் தூக்கிப்பிடிப்பதும், சண்டையில் கஞ்சி ஆறிப்போவதும் உனக்கு நினைவிருக்கும்.

எழுதினேன் மக்கா. பென்சிலோடு உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே அவன் போட்டோ. அதன்மேல் ஒரு தாளை மடித்து வைத்துவிட்டு, யாரோ புது ஆள் எழுதியது என்று நினைத்துக்கொண்டுதான் படிக்க முடிந்தது. ஆறு கடலில் சேரும் பூவார் பொழிமுகத்தில் நின்று எழுதிய கடல் கவிதைகள் எனக்குப் பிடிக்கவில்லை. அலைச் சத்தம் இருக்கிறது, அங்கே நின்றவனைக் காணவில்லை. சாவைப் பற்றி எழுதியவை அவன் படித்த புத்தகங்களிலிருந்து வந்தவை என்றும் எழுதினேன். சாவு நிஜமாகப் பக்கத்தில் வந்தபோது அவனுக்கு எழுத நேரம் இருக்கவில்லை. இதை மதிப்புரையில் எழுதவில்லை, உனக்குச் சொல்கிறேன். ஆனால் அம்மாவைப் பற்றி ஒன்று உண்டு. மழையில் பஸ் ஸ்டாப்பில் அவனுக்காக நிற்கிறாள். ‘நனைகிறாள் அம்மா, கையில் எனக்கென்று விரிக்காத குடை’ என்று முடியும். இது ஒன்று போதும் இவனைக் கவிஞன் என்று சொல்ல என்று எழுதினேன். பிறகு எல்லாருக்கும் எழுதுகிற வழக்கத்தில், ‘அடுத்த தொகுப்பில் இவர் கவனிக்கவேண்டியது’ என்று கடைசிப் பத்தியைத் தொடங்கிவிட்டேன். கை நின்றுபோனது. அந்தப் பத்தி இல்லாமலே அனுப்பினேன்.

பத்திரிகை வந்தது. அம்மா படித்தது மலையாளம்தானே, தமிழ் எழுத்து தெரியாது. விஜயதாஸ் நல்ல எண்ணத்தில் முழுவதையும் உரக்க வாசித்துக் காட்டிவிட்டான். அம்மா எழுந்து, “செத்துப்போன பிள்ளைக்கா மார்க்கு போடுதிய? நீங்க அவனுக்க அப்பாதானா?” என்றாள். விஜயதாஸ் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு அவள் சோறு போட்டாள், பேசவில்லை. சஜி கேட்டபடிதான் எழுதினேன் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. பெற்றவளிடம் அதைச் சொல்லி என்ன.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தவள், அவளாகவே புத்தகத்தை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். “நல்லா இருக்குன்னு ஒண்ண எழுதினியள்லா, அத வாசிங்க.” வாசித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் குரல் அறுந்தது. மறுபடி தொடங்கினேன், அதே இடத்தில் அறுந்தது. எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் முற்றத்தைப் பார்த்தபடி, “அந்தக் குடைக்குக் கம்பி ஒடிஞ்சு கிடந்ததாக்கும். விரிச்சா விரியாது” என்றாள். அடுத்த பதிப்பில் ஒரு குறிப்புப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன், முட்டாள் மாதிரி. “வேண்டாம். பிள்ள அப்படி நெனச்சிட்டுப் போயிருக்கான். அப்படியே கிடக்கட்டு” என்று உள்ளே போனாள். அடுக்களையில் தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது என்னோடு பேசுகிறாள். ஆனால் தினமும் அந்தக் கவிதையைக் கேட்கிறாள், என்னால் அதை முழுதாக வாசிக்க முடியவில்லை. விஜயதாஸைக் கூப்பிடவும் அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் தமிழ் படித்த ஆள் இனி நீதான் மக்கா.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. வேலை வேலை என்று சாப்பாட்டை விட்டுவிடாதே. பொதி கிடைத்ததும் சொல். ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிடுவாள், வாசிக்கச் சொல்வாள். அழுகை வந்தால் போனை வைத்துவிடாதே. நிறுத்திவிட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி வாசி. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

உன் அப்பா
நெல்லையப்பன்