கோலுக்கு முன்னால் ஒரு குழி

நார்த்மீட், சிட்னி
14 ஜூலை 1974

அன்புள்ள கிருஷ்ணசாமிக்கு,

கதிர்காமநாதன் சொல்ல, மருமகள் வைதேகி எழுதுகிறாள். தேதியை அவள் போட்டுவிட்டாள். எனக்கு எழுத்தும் தெரியாது, நாள்காட்டியும் தெரியாது. நடந்ததை வைத்துத்தான் வருஷத்தைப் பிடிப்பேன் என்று உனக்குத் தெரியும். இது அங்கே நீங்கள் மாத் தட்டுப்பாட்டில் ஒரு இறாத்தல் பாணுக்கு வரிசையில் நிற்கிற வருஷம். இங்கே, ஆஸ்திரேலியாக்காரர் முதல் தடவையாக உலகக் கிண்ணத்துக்குப் போய், மூன்று ஆட்டம் ஆடி, ஒரு கோலும் அடிக்காமல் திரும்பி வந்த வருஷம். இங்குள்ளவர்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் துறைமுகத்து டொக்யாட் அணியை அனுப்பியிருந்தால் ஒன்றாவது அடித்திருப்போம்.

சாமி, நான் செம்பட்டையனைக் கண்டேன்.

நம்முடைய செம்பட்டையன்தான். வெள்ளைக்காரக் கடற்படை அணியில் முன்னால் நின்று கோல் அடித்த சென்ரர் போர்வேட். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று மகன் கேதீஸ்வரன் என்னைப் பிளாக்டவுனில் ஒரு மைதானத்தில் கொண்டுபோய் விடுவான். போன கிழமை பந்து ஒன்று வேலிப் பக்கம் உருண்டு வந்தது. சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு வயசாளி அதை நிறுத்தினார். இடது பாதத்தை வலது கெண்டைக்காலில் ஒருதரம் துடைத்தார். அடித்தார். நான் எழும்பிவிட்டேன். அப்படித் துடைத்துவிட்டு அடிக்கிறவன் உலகத்தில் ஒருவன்தான். கேதீஸ்வரன் போய்ப் பெயர் கேட்டான். வால்டர் ஹிப்கின். செம்பட்டைத் தலை நரைத்துவிட்டது. வலது முழங்கால் மடிவதில்லை.

அந்த முழங்கால்தான் என் நித்திரையைக் கெடுக்கிறது. ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டு இரண்டு வருஷம் கழித்து வந்த ஆட்டம். நாங்கள் பதினொரு பேரும் வெறுங்கால், அவர்கள் பூட்ஸ். அரை மணித்தியாலத்தில் அவன் கோலுக்கு முன்னால் வந்தான், நான் சறுக்கிக்கொண்டு காலை வீசினேன், அவன் விழுந்து கத்தினான். பத்துப் பேரோடு ஆடின அவர்களை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். அன்று முதல் எனக்கு 'வெள்ளையை விழுத்தின கதிர்' என்று பெயர். நான் இங்கே வருமட்டும் சந்தைக் கடையில் பிளேன்ரீ, பால் இல்லாத தேத்தண்ணி, சும்மா வந்தது.

இப்போது அந்தக் காலைக் கண்ணால் கண்டுவிட்டேன். போய், "அது நான்தான், மன்னிச்சுக்கொள்" என்று சொல்ல வேண்டும் போல் கிடக்கிறது. நீ எனக்குப் பின்னால் கோலில் நின்றவன். கிட்ட நின்று பார்த்தவன் நீ ஒருவன்தான். சொல்லட்டோ, விடட்டோ?

கையெழுத்துக்குப் பதில் வழமைபோல ஒரு வட்டம். பந்து என்று வைத்துக்கொள்.
○


திருகோணமலை
2 ஆகஸ்ட் 1974

அன்பு நண்பன் கதிருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. தபால் கந்தோரில் இருபத்தாறு வருஷம் கடிதம் சுமந்தவன் சொல்கிறேன். நாங்கள் சுகம். வீட்டுக்காரி சத்தியபாமாவுக்கு முழங்காலில் வாதம். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், "எனக்கு எவன் உதைத்தவன்?" என்று கேட்கிறாள்.

கதிர், ஆறின புண்ணைச் சொறியாதே. முப்பது வருஷம் முந்தின சங்கதி. அந்த மனிதனுக்கு நம் முகமே நினைவிராது. ஆட்டம் என்றால் அடிபடும். நீ பேசாமல் வேலிக்கு வெளியே நின்று பார், வீட்டுக்குப் போ. பாண் வரிசை இன்னும் குறையவில்லை. இங்கே வேறு விசேஷம் இல்லை.

உன்
கிருஷ்ணசாமி


நார்த்மீட்
25 ஆகஸ்ட் 1974

அன்புள்ள சாமி,

நீ நான்கு வரியில் முடித்துவிட்டாய். மரக்கறிச் சந்தையில் ஒரு சண்டை நடந்தால் நாலு பக்கம் எழுதுகிறவன் நீ. சுகமில்லையோ?

வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னாய். நான் உள்ளே போய்விட்டேன். மூன்று ஞாயிறாக வைதேகியையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவளுக்குத்தான் இங்கிலீஷ் வாய். ஹிப்கினுக்கு என் தேத்தண்ணிப் போத்தல் பிடித்துவிட்டது. இஞ்சி போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தன் கதையைச் சொல்கிறான். கேட்டதை ஒன்றும் விடாமல் சொல்கிறேன்.

பதினெட்டு வயதில் ஆல்டர்விக் என்ற சின்ன ஊர்க் கழகத்தில் சேர்ந்தானாம். இங்கிலாந்தில் மூன்றாம் பிரிவு. அதற்குக் கீழே அன்றைக்குப் பிரிவே கிடையாது. மழை, சேறு, அரைவாசி காலியான பார்வையாளர் மேடை. கோடையில் செங்கல் சூளையில் வேலை. இரண்டாம் வருஷம் இருபத்துநாலு கோல். முதல் பிரிவுக் கழகம் ஒன்றிலிருந்து ஆள் வந்து, "அடுத்த வருஷம் எங்களிடம் வா" என்று கைகொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த வருஷம் மூன்றே ஆட்டம். உலகச் சண்டை தொடங்கி லீக்கை மூடிவிட்டார்கள், அவன் கடற்படைக்குப் போனானாம்.

சண்டை முடிந்த கையோடு அந்தப் பெரிய கழகத்துக்குப் போனானாம். அவர்களுடைய டொக்டர் முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் கையைக் கழுவினானாம். அவ்வளவுதான். பிறகு ஒன்பது வருஷம், மூன்று கழகம், எல்லாம் அதே கடைசிப் பிரிவு. எண்பத்தொரு கோல், ஒற்றைக் காலோடு. ஒருதரம் மட்டும் கிண்ண ஆட்டத்தில் பெரிய கழகத்தோடு ஆடக் கிடைத்ததாம். கம்பத்தில் அடித்தான். "இண்டைக்கும் அந்தச் சத்தம் காதில கேக்குது" என்கிறான். ஆஸ்திரேலியா அரசாங்கம் பத்துப் பவுணுக்கு ஆள் ஏற்றின கப்பலில் ஏறி இங்கே வந்தது அதற்குப் பிறகுதான்.

திருகோணமலையில்தான் முழங்கால் போனது என்று அவனே சொன்னான். வைதேகி என் முகத்தைப் பார்த்தாள். நான் போத்தலை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். சாமி, ஒரு பிளேன்ரீப் பெயருக்காக நான் ஒரு மனிதனுடைய சீவியத்தை உடைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு சொல்லிவிடுவேன். நீ மறித்தாலும் சொல்லுவேன்.
○


திருகோணமலை
6 செப்டம்பர் 1974

கதிர்,

இன்று காலை உன் கடிதம் வந்தது. பின்னேரத் தபாலில் இது போக வேண்டும். நீ அவனிடம் ஒன்றும் சொல்லாதே. சொல்லிவிட்டாயென்றால், திரும்பப் போய் இதைச் சொல்.

அந்த ஆட்டத்துக்கு முந்தின கிழமை என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும், நீ எதை மறந்தாய்! பயிற்சி ஆட்டத்தில் செம்பட்டையன் எனக்கு ஐந்து கோல் போட்டான். ஐந்தாவது என் கால்களுக்கு நடுவால் போனது. டொக்யாட் முழுக்க என்னை 'வாசல்' என்று கூப்பிட்டார்கள். "வாசல் திறந்திருக்கோ?" என்று நீயும்தான் கேட்டாய்.

நான் கணேசலிங்கம் பூசாரியிடம் போனேன். அவர் ஒரு தேங்காயை மந்திரித்துத் தந்தார். "கோலுக்கு முன்னால தாட்டுவிடு, அதைத் தாண்டி அவன்ர கால் வராது" என்றார். நீங்கள் எல்லாரும் புல் வெட்டிச் சமப்படுத்திவிட்டுப் போன பிறகு, நான் தனியாகப் போய் ஏழடி முன்னால் தோண்டித் தாட்டேன். மேலே மணல் போட்டுப் புல்லை வைத்தேன். விடியப்புறம் மழை பெய்தது. மணல் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆட்டத்தில் அவன் வலது கால் சரியாக அதற்குள் போனதை நான் கண்டேன். உன் கால் அவனில் படவேயில்லை, கதிர். ஒரு ஆள் நீளம் தள்ளி நீ புழுதியில் கிடந்தாய்.

அவன் கத்தினான். எல்லாரும் உன்னைத் தூக்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள் நான் என்ன சொல்வது? பிறகு சொல்லலாம் என்று முப்பது வருஷம் போய்விட்டது. இருட்டினபின் தேங்காயைக் கிண்டி எடுத்துக் கடலில் எறிந்தேன். அது உடையக்கூட இல்லை.

கிருஷ்ணசாமி


நார்த்மீட்
8 செப்டம்பர் 1974

அன்புள்ள சாமி,

போன ஞாயிறே சொல்லிவிட்டேன். உன் பதில் வருமட்டும் பொறுக்க மனம் விடவில்லை. வைதேகிக்குச் சொல்ல வாய் வரவில்லை. நான் என் காலைக் காட்டி, அவன் முழங்காலைக் காட்டி, நெஞ்சில் தட்டினேன். பிறகு அவள் சொன்னாள்.

ஹிப்கின் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நீயோ? நீ என்னைத் தொடவேயில்லை. கிட்டவும் வரேல்லை. அங்க ஒரு குழி இருந்தது, அதுக்க கால் விட்டனான்" என்றான். அந்த மைதானத்தைப் பராமரித்தவனை முப்பது வருஷமாகத் திட்டுகிறானாம். அதனால்தான் ஆடி முடித்தபின் இந்த வேலைக்கு வந்தானாம். ஒவ்வொரு சனி பின்னேரமும் ஒரு தடியோடு மைதானம் முழுக்கக் குத்திக் குத்தி நடப்பானாம், குழி தேடி. "என்ர மைதானத்தில ஒரு பொடியன்ர காலும் போகாது" என்றான்.

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வந்தது, கொஞ்சம். ஆனால் சாமி, வெள்ளையை விழுத்தின கதிர் என்று ஒருவன் இல்லவே இல்லை. குடித்த தேத்தண்ணி முழுக்கத் தொண்டையில் நிற்கிறது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. முதல்நாள் நாங்கள்தானே எல்லா இடமும் சமப்படுத்தினோம். குழி எங்கிருந்து வந்தது? நாய் கிண்டினதோ? நீ அதிலேயே நின்றவன். யோசித்து எழுது.
○


திருகோணமலை
11 ஜனவரி 1975

அன்புள்ள கதிர்,

கிறிஸ்மஸ் அன்று டார்வினைப் புயல் அள்ளிக்கொண்டு போனதாக வானொலியில் சொன்னார்கள். அது உங்களுக்குப் பக்கமோ? தேசப்படப் புத்தகத்தில் பார்த்தேன், கன தூரம் என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நம் கடிதங்கள் வழியில் மாறிப் போயின. என்னுடையது கிடைத்திருக்கும். நாலு மாதமாக ஒவ்வொரு நாளும் தபால்காரனை வாசலில் மறிக்கிறேன். அவன் என்னிடம் வேலை பழகினவன், முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். நீ ஏசியாவது எழுது. வெறும் வட்டத்தை மட்டும் போட்டு அனுப்பினாலும் போதும்.

சத்தியபாமா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

கிருஷ்ணசாமி


நார்த்மீட்
3 டிசம்பர் 1978

அன்புள்ள கிருஷ்ணசாமிக்கு,

கிழக்கில் புயல் என்று வைதேகி பேப்பரில் வாசித்தாள். மட்டக்களப்பில் தென்னை ஒன்றும் மிஞ்சவில்லையாம். உங்கள் வீட்டுக் கூரை இருக்கிறதோ? சத்தியபாமா எப்படி?

டார்வின் புயலைக் கேட்டு நீ எழுதின கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போன வருஷம் கலவரத்தின்போது கேதீஸ்வரனை விட்டு விசாரித்தேன், நீங்கள் தப்பிவிட்டீர்கள் என்று அறிந்தேன், அப்போதும் எழுதவில்லை. நாலு வருஷம். குழி தோண்டினதுக்காக இல்லை, சாமி. நான் அந்தக் கதையைக் கடையில் சொல்லும்போதெல்லாம் நீ பக்கத்தில் இருந்து, "ஓம், ஓம், நான் கண்டனான்" என்று தலையாட்டினாயே, அதற்காக. பிறகு நான் குற்றவாளியாகி எழுதினபோதும் ஆறின புண் என்றாயே, அதற்காக.

இந்த நாலு வருஷமும் சனி பின்னேரங்களில் நானும் ஒரு தடி எடுத்துக்கொண்டு ஹிப்கினோடு மைதானத்தில் நடந்தேன். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாஷை இல்லை. குழி கண்டால் கையைத் தூக்குவோம். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. ஏனென்று எனக்கே தெரியாது. உன்மேல் கோபம், ஆனால் உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை.

ஆவணி மாதம் அவனை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நெஞ்சில் தண்ணீர். வைதேகியோடு போய்க் கதிரையில் இருந்தேன். இனி மறைத்து என்ன என்று தேங்காய்க் கதையை முழுக்கச் சொன்னேன். பூசாரி, மந்திரம், மணல், மழை, ஒன்றும் விடவில்லை. வைதேகி சொல்லச் சொல்ல அவன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டான். நான் பயந்துபோனேன்.

பிறகு கேட்டான்: "பதினொரு பேர் இருந்தமே. அந்தத் தேங்காய் ஆருக்கு?"

"உனக்குத்தான். உன்னை மறிக்கத்தான்" என்றேன்.

"எனக்கு மட்டுமோ?"

"ஓம். உனக்கு மட்டும்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். இருமல் வந்து தாதி ஓடிவந்து எங்களை ஏசினாள். அவள் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இங்கிலாந்தில அத்தனை வருஷம் விளையாடினன். என்னைப் பார்த்து ஒரு கோல்கீப்பரும் இவ்வளவு பயப்பிடேல்லை." இதைச் சொல்லும்போது அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், சாமி. ஐந்து கோல் போட்ட அந்தப் பொடியன் திரும்பி வந்து கட்டிலில் படுத்திருந்தான். உனக்குச் சொல்லச் சொன்னான், நல்ல கோல்காப்பாளன் என்று. பகிடி இல்லை, உண்மையாகவே சொன்னான். எட்டு நாளில் போய்விட்டான். அவனுடைய தடி இப்போது எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மூலையில் நிற்கிறது.

நீ என்னிடம் ஒரு சொல்லும் கேட்க வேண்டாம். அவன் விட்டதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. சும்மா குடித்த தேத்தண்ணியில் பாதி உன்னுடையது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். என் டொக்டர் எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். ஹிப்கின் சொன்ன கதை நினைவுக்கு வந்தது, எனக்கு வைதேகி ஒன்றும் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் போய்விட்டது. அடுத்த குளிருக்கு இருக்க மாட்டேன். அவள் அழுதுகொண்டு எழுதுகிறாள், எழுத்து கலங்கியிருந்தால் பொறுத்துக்கொள். முடிக்கிறதுக்குள் களைத்துவிடுவேன் என்று வட்டத்தை முதலிலேயே தாளின் மூலையில் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு மைதானத்தில் நின்ற இருபத்திரண்டு பேரையும் விரல் மடக்கிப் பார்த்தேன். வெள்ளைக்காரர் பதினொருவரின் கணக்கை ஹிப்கின் வைத்திருந்தான், அவன்தான் கடைசி. நம் பக்கம் ஒன்பது பேரில் சிலரின் சாவை அங்கே இருந்தபோதே கண்டேன், மிச்சத்தை நீ ஒவ்வொன்றாக எனக்கு எழுதினாய். என்னையும் போனவனாகவே வைத்துக்கொள். எல்லாரும் பந்தோடு முன்னுக்குப் போய்விட்டார்கள். கோலில் தனியாக நிற்கிறவன் கிருஷ்ணசாமி.