சிவப்பு மையால் வெட்டிய பூஜ்யங்கள்

என் செல்லத் தம்பி மணிக்கு,

உன் மேல் எனக்குக் கோபம்டா. செத்துப்போனவன் மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. படாமல் என்ன செய்ய? நான் சொன்னேன் என்பதற்காக அத்தனை அளவையும் சிவப்பு மையால் வெட்டினாயே, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா?

படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். நீ ஆராய்ச்சி மாணவன். ரப்பர் உருண்டையைப் பிளாஸ்டிக் தகட்டில் அழுத்தி, பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தாய். கணக்கு டீச்சர் நான்; அதற்கான சமன்பாட்டை நம் கிழக்கேகோட்டை வீட்டில் உட்கார்ந்து போட்டேன். தகட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினாலும் ஓரளவு ஒட்டும் என்றது என் கணக்கு. ஒட்டவே இல்லை என்றது உன் தராசு. வரிசையாகப் பூஜ்யம்.

"தலைக்கு எண்ணெய் தேச்ச கையால தொட்டிருப்பே, போடா" என்றேன். நீ ஒரு மாதம் எண்ணெயே தொடவில்லை. "பரதேசி மாதிரி நிக்கறான் பாரு" என்று அம்மா கத்தினாள். அப்போதும் பூஜ்யம்தான். "அக்கா கணக்கு தப்பாகாது" என்று எல்லாவற்றையும் வெட்டிப் போட்டாய். அப்புறம் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல்.

போன வாரம்தான் என் தப்பு தெரிந்தது. தகட்டின் மேடுகள் எல்லாம் ஒரே உயரம் என்று வைத்துக்கொண்டிருந்தேன், மடச்சி. எங்கேயாவது அப்படி இருக்குமா? அழுத்தும்போது நசுங்கும் உயர மேடுகள், கையை எடுத்ததும் திருப்பித் தள்ளுகின்றன. குட்டை மேடுகள் பிடித்த பிடி அதிலேயே விட்டுப்போகிறது. உயரங்களை வேறு வேறாக வைத்து மறுபடி போட்டேன். பூஜ்யம் வந்தது. அடுக்களையில் நின்று அழுதேன்.

உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடைப் போய்ப் பார்த்து, வெட்டிய அளவுகளையும் அச்சுக்குப் போகும் கட்டுரையில் சேர்க்க வேண்டும் என்றேன். "அது வேண்டா டீச்சரே. மணி தன்னே வெட்டினதல்லோ? பிழைன்னு அவனுக்கே தோணியிருக்கும்" என்றார் தன் மலையாளத் தமிழில். வெட்டச் சொன்னது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் உன்னைத்தானே விட்டுக்கொடுத்தேன்? எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நாளைக் காலை மறுபடி போகிறேன். இந்தத் தடவை வாயைத் திறப்பேன். அச்சில் உன் பெயர் முதலில் வரும், பூஜ்யங்கள் ஒன்றுவிடாமல் வரும். அடியில் ஒரு வரி நானே எழுதிக் கொடுப்பேன்: அளந்தவன் அளந்தது சரி, அதை வெட்டவைத்தவள்

உன் அக்கா,
மீனாட்சி