பால் நேரத் தகரம்

ஜூன் 7, புதன்

விடிந்ததிலிருந்து மழை. தலவாக்கலையில் பஸ் இல்லை. லிந்துலை வரை ஒரு லொறி, அப்புறம் பாதி தூரம் நடை. குடைக்கம்பி ஒடிந்தது. வாங்க வேண்டியவை: குடை, வயிற்று மருந்து, வீட்டுக்காரி லூர்துக்கு வெள்ளை நூல்.

அக்கரப்பத்தனையில் மூங்கில் தோட்டம் என்ற தேயிலைத் தோட்டம். புதுப் பிள்ளைக்காம்பரா பார்க்கப் போனது. தாய்மார் மலைக்குப் போன பிறகு கைக்குழந்தைகளை விட்டுவைக்க நல்லதாக ஒரு கட்டடம் வேண்டும் என்று நான் எம்.பி. ஆன நாளிலிருந்து கத்தியதன் பலன். கருங்கல் சுவர், கண்ணாடி ஜன்னல், சிவப்புச் சிமெந்துத் தரை. மனசு நிறைந்துதான் போயிற்று. தோட்டத்தை நடத்துகிற துரை சிரித்த முகமாகக் கை கொடுத்தார். வாசல் கல்லில் என் பெயரும் வருமாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன். கட்டடம் கார் ரோட்டோரம். கொழுந்து எடுக்கிற மலை எங்கேயோ உச்சியில். பழைய காம்பரா ஓட்டைத் தகரக் கூரைதான், ஆனால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு மேலே, மலைக்குப் பாதி வழியில் இருந்தது. ஏன் இங்கே இறக்கிக் கட்டினீர்கள் என்று கேட்டேன். பார்க்க வருகிறவர்கள் மழையில் மலையேற முடியுமா என்றார் துரை. மலையேறி இறங்குகிறவளைப் பற்றிக் கேட்டால் பார்க்க வருகிறவனைப் பற்றிப் பதில்.

திரும்பும்போது பிள்ளைக்காம்பரா ஆயா காளியம்மா வழிமறித்தாள். தகரத்தைத் துரை பிடுங்கிக்கொண்டாராம்.

எந்தத் தகரம்? பழைய காம்பரா வாசல் சவுக்கு மரத்தில் தொங்கிய பழைய எண்ணெய்த் தகரம். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை ஆயா அதைத் தட்டுவாள். பால் கொடுக்கிற பெண்கள் கூடையைத் தேயிலை நிரையிலேயே இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவார்கள், கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் பிறப்பதற்கு முந்தியே இருந்த பழக்கம். நானும் அந்தத் தகரச் சத்தத்துக்குப் பால் குடித்து வளர்ந்தவன்தான்.

இப்போது நிறுத்தம். புதுக் காம்பராவில் டின் பால் கரைத்துக் கொடுக்கிறார்களாம், தாய்மார் இறங்கி வரத் தேவையில்லையாம், கொழுந்து குறைகிறதாம்.

கல்லைக் கொடுத்துப் பாலைப் பறித்திருக்கிறான். அதில் என் பெயர் வேறு.

ஜூன் 8, வியாழன்

தொண்டை கட்டு. கொத்தமல்லித் தண்ணீர். ஆபீசில் ஆள் கூட்டம், எல்லாம் பிரஜாவுரிமை விஷயம். பிறந்த அத்தாட்சி இல்லை, தகப்பன் பிறந்த அத்தாட்சி இல்லை. எங்கே போவார்கள்.

சபையில் கேட்க வேண்டியவை:
– பால் நேரம் (முதலில் இது)
– மருத்துவிச்சி இல்லாத தோட்டங்கள்
– பிரசவத்துக்குத் தருகிற பிள்ளைக்காசைப் பெற்றவள் கையில் கொடுக்காமல் புருஷன் கையில் கொடுப்பது
– குடிக்கப் பீலிக் குழாய்த் தண்ணீர், கக்கூஸ். போன தடவையும் கேட்டது, அதற்கு முந்தியும் கேட்டது.

துரைக்கு ஆள் அனுப்பினேன், கல்லில் என் பெயர் வேண்டாம் என்று. செதுக்கியாகிவிட்டதாம். இந்த வேலை மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு.

ஜூன் 11, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. பூசைக்குப் போய் வந்தால் வீட்டு வாசலில் காளியம்மாவும் இன்னொரு பெண்ணும். ராசம்மா என்று பெயர், மூங்கில் தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவு. மடியில் ஆண் குழந்தை. நாலு மாசம் என்றாள், பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கழுத்து நிற்கவில்லை. டின் பால் குடித்தால் குடித்த வேகத்தில் வாந்தி. மருந்துக்காரர் சொன்னது, தாய்ப்பாலே கொடு என்று. எப்போது கொடுப்பது? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு முன் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை.

கொழுந்து எடுக்கும்போது பால் கட்டிக்கொண்டு சட்டையெல்லாம் நனைந்து போகிறதாம். லூர்துவிடம் தனியாகச் சொல்லி அழுதிருக்கிறாள். என்னிடம் அழவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"எங்களுக்கு ஓட்டு இல்லேங்கிறாங்க. அதனால நீங்க பேசினா கேக்க மாட்டாங்களாங்க?"

கேட்பார்கள் என்றேன். வேறென்ன சொல்ல. என்னை அனுப்பியவர்கள் எல்லோரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டு என்னை மட்டும் நாற்காலியில் விட்டு வைத்திருக்கிறார்கள்.

லூர்து இடியாப்பம் கொடுத்தாள். ராசம்மா சாப்பிடும்வரை குழந்தை என் மடியில். பூனைக்குட்டிக் கனம். போன பிறகு லூர்து சொன்னாள்: "கட்டடம் கட்டடம்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. பொம்பளைங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டீங்களா?"

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அதனால் செருப்பைத் தேடினேன்.

ஜூன் 13, செவ்வாய். கொழும்பு

வெக்கை. இரவு ரயிலில் தூக்கமில்லை. கொலர் அழுக்கு.

பால் நேரம் பற்றிக் கேட்டேன். நாலைந்து பேர் வெளியே எழுந்து போனார்கள். அரசாங்கத் தரப்பில் பதில் சொன்னவர் சாவதானமாக ஒரு தாளை எடுத்தார். அந்தத் தோட்டத்தில் மாதிரிப் பிள்ளைக்காம்பரா ஒன்று இந்த வாரம் திறக்கப்படுகிறது, அங்கத்தவர் பெயரே கல்லில் இருக்கிறது, தன் பெயரையே தான் எதிர்க்கிறாரா என்றார். சபை சிரித்தது. நன்றாகச் சிரித்தது.

வியர்த்துப்போய் உட்கார்ந்தேன். ராசம்மா பிள்ளையின் வாந்தி என் வேட்டியில் பட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. அதைக் கேள்வியாக எழுதினால் தாய்மார் நலம். பதிலாக எழுதினால் திருப்திகரம். நடுவில் இருக்கிற பிள்ளை எந்தத் தாளிலும் இல்லை.

கன்டீனில் ஒருவர் முதுகில் தட்டி, தோட்டத்துப் பெண்கள் பலசாலிகள், கவலைப்படாதீர்கள் என்றார். தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். இரண்டு கரண்டி சீனி.

ஜூன் 16, வெள்ளி

திரும்பினேன். அக்கரப்பத்தனையில் தூறல். நாளைக்குத் திறப்பு விழா. கொழும்பிலிருந்து சுகாதார அதிகாரி வருகிறார். போவதில்லை என்றுதான் இருந்தேன். ராசம்மா பிள்ளைக்கு இப்போது பேதியும் என்று ஆள் வந்து சொன்னான். போகிறேன்.

கடைவீதியில் காதர் நானா கடையில் குடை வாங்கினேன். தோட்டத்திலிருந்து வந்து கலர்க் கடதாசியும் ரிப்பனும் அள்ளிக்கொண்டு போனார்களாம். பால்மா எத்தனை டின் வாங்கினார்கள் என்று கேட்டேன். சிரித்தார். கடதாசிதான் கூட என்றார்.

கடை மூலையில் பெரிய பிஸ்கட் தகரம் ஒன்று காலியாகக் கிடந்தது. விரலால் சுண்டினேன். நல்ல சத்தம். எதுக்கு என்று கேட்டார் நானா. சொன்னேன். காசு வாங்க மறுத்துவிட்டார். மிஞ்சிய கலர்க் கடதாசி எடுத்து அவரே சுற்றி, மேலே ரிப்பனும் கட்டினார்.

"தொறப்பு விழாவுக்கு வெறுங்கையோட போகலாமா மெம்பர்?"

ஜூன் 17, சனி

அதிசயமாக வெயில். வேட்டி சலவை. வயிறு சரியில்லை.

ஒன்பது மணிக்கே பந்தல் நிறைந்துவிட்டது. தாய்மார் எல்லோரையும் முன்வரிசையில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள், அதிகாரி பார்க்க. பிள்ளைகள் உள்ளே. அழுகை வெளியே கேட்கக்கூடாது என்று கண்ணாடி ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். தாய்மார் நலக் கூட்டம். தாய் இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம், நடுவில் மாலை போட்ட நாற்காலிகள்.

உள்ளே போய் காளியம்மாவிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அதிகாரி இங்கிலீசில் பேசினார், கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது. தாய்ப்பாலின் பெருமையில் இருந்தார். யாரும் அவருக்கு எதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். துரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது தகரம்.

பழைய தட்டுத்தான். மூன்று, நிறுத்தி மூன்று. என் உடம்பே ஒரு தரம் சிலிர்த்தது. முன்வரிசையில் ராசம்மா முதலில் எழுந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள். பிறகு எல்லோரும். கங்காணி கையை நீட்டி உட்காரச் சொன்னார். அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதிகாரிக்கு முன்னால் மிதிபட்ட புல் மட்டும்.

இது என்ன என்று கேட்டார் அதிகாரி. துரை வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன். இங்கிலீசில் சொன்னேன்: இது இந்தத் தோட்டத்தின் பழைய பழக்கம், இந்தச் சத்தம் கேட்டால் தாய்மார் வந்து பால் கொடுப்பார்கள், காலையிலும் பின்னேரமும், துரை அவர்கள் அதைக் காப்பாற்றி வருகிறார்.

அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்படியா என்று துரை பக்கம் திரும்பி, மற்றத் தோட்டங்களுக்கும் சொல்ல வேண்டிய ஏற்பாடு என்றார். துரை என்னைப் பார்த்த பார்வையில் தேயிலை காய்ந்திருக்கும். ஆனால் என்ன சொல்வார்? ஆமாம் என்றார். தினமும் என்றார்.

இதையும் தமிழில் சொல்லுங்கள் என்றேன் கணக்கப்பிள்ளையிடம். துரையைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். பாவம், எச்சில் விழுங்கிவிட்டு உரக்கவே சொன்னார்.

"பால் நேரம் முன்ன மாதிரியே தினமும் இருக்கும்னு தொர சொல்றாங்க."

பின்னாலிருந்த ஆண்கள் கைதட்டினார்கள். நாளைக்கே துரை வேறு வழி தேடலாம், தேடுவார். ஆனால் தோட்டம் முழுக்கக் கேட்டாகிவிட்டது.

அதிகாரி பேச்சைத் தொடர்வதா விடுவதா என்று தெரியாமல் தாளோடு நின்றார். சாத்தியிருந்த ஜன்னல் ஒன்று திறந்தது. ராசம்மா, தோளில் பிள்ளை.

"குடிச்சிட்டானுங்க, ஐயா. கக்கல. இப்பத்தான் கண்ணசர்றான், கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க."